திங்கட்கிழமைக் கட்டு

முரசுமோட்டையில் கை கால் முறிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், எல்லாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். விழுந்தவுடனே எந்த வீட்டுப் படலைக்கு ஓடினீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்ததுகூடப் பரியாரி அக்கா, "ஒருக்காப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ, பாப்பம்" என்று அனுப்பிய பிறகுதான். என் இடது முழங்கை அவா கட்டியது. என் மனிசி சுமித்திராவின் கணுக்கால் அவா கட்டியது. வாய்க்கால் கட்டில் வழுக்கினவன், லான்மாஸ்ரர் உழவு மெசினிலிருந்து விழுந்தவன், மாடு முட்டினவன், கள்ளு வெறியில் சைக்கிளோடு மதகுக்குள் போனவன், எல்லாருடைய எலும்பும் அவாவின் கை பட்டுத்தான் பொருந்தியது. அந்தப் படலையில் இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு ஆவணி மாதம் பதினாலு நாள் ஒரு நோட்டீஸ் தொங்கியது. ஊரில் ஒரு குஞ்சு குருமானும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரைத் திட்டிவிட்டு நான் தப்பப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பங்கையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அவாவின் பெயர் கமலாசனி. வயது ஐம்பத்தாறு. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரி. பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்விறாந்தைச் சுவரில் தொங்கும். அவாவின் மனிசன் சிற்றம்பலம் அண்ணை வயல்காரன், இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரன், ஆனாலும் அந்த வீட்டு வைத்தியத்தில் பாதி அவருடையது. எலும்பு பொருத்துவது ஓராள் வேலை இல்லை. ஒருவர் பிடிக்க வேண்டும், மற்றவர் இழுக்க வேண்டும். பிடிக்கிறவர் கை ஒரு மயிரிழை இளகினாலும் எலும்பு இடம் மாறிவிடும். சிற்றம்பலம் அண்ணை பின்னால் இருந்து ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காதோடு கதை குடுப்பார். "உங்கட சிவலைப் பசு எத்தினை லீற்றர் கறக்குது?" என்பார். ஆள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அக்கா இழுத்துவிடுவா. பிடி சரியோ என்று அவா ஒருநாளும் நிமிர்ந்து பார்த்து நான் காணவில்லை.

அவாவின் கட்டுக்கு ஒரு அடையாளம் உண்டு. முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் குழைத்த பத்துப் பூசி, சிலாகைத் தடிகள் வைத்து, துணி சுற்றிய பிறகு, கடைசி முடிச்சில் விரலகல நாடா ஒன்று கட்டுவா. திங்களுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், சனிக்கு நீலம், ஞாயிறுக்கு ஊதா. வெள்ளிக்கிழமை கட்டுப் போடமாட்டா, அது எண்ணெய் காய்ச்சுகிற நாள். பரந்தன் சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் றம்சீன் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பான். நாடாவைப் பார்த்தவுடன் ஆர் எப்போது வந்தது, எப்போது மாற்ற வேண்டும் என்று அவாவுக்குத் தெரிந்துவிடும். அவாவுக்கு என்ன, ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் பொருந்தின எலும்பு பிரிந்துவிடும் என்று பயம். வேறு பரியாரிமாரும் அடுத்தவரின் கட்டைத் தொடமாட்டார்கள்.

கொரோனா வந்த முதல் வருசம் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாசியில், சுகாதாரப் பகுதி ஆட்களுக்கு ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பேரையும் என் ஓட்டோவில்தான் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"அம்மா, உங்கட பேர் பட்டியலில இல்லை."

"நானும் வைத்தியம்தானே தம்பி செய்யிறன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் தொட்டு வேலை செய்யிறன். இவரும் செய்யிறார்."

"விளங்குது அம்மா. பட்டியலில இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது."

"பட்டியலை ஆர் எழுதினது? அவரிட்டைக் கேட்டுப் பாக்கட்டோ?"

"அது மேல இருந்து வாறது."

வரிசையில் நின்ற ஒருவன், அவனுடைய தொடையெலும்பும் அவா கட்டினதுதான், "அக்கா, உங்களிட்டை எண்ணெய் இருக்குத்தானே, உங்களுக்கு என்னத்துக்கு ஊசி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். திரும்பி வரும்போது அக்கா ஓட்டோவுக்குள் இருந்து கத்தினா.

"ஒரு மீற்றர் தள்ளி நிண்டு வைத்தியம் செய்யட்டாம். ஒரு மீற்றர் தள்ளி நிண்டு நான் என்னெண்டு காறை எலும்பைப் பொருத்திறது? மாங்காய் ஆயிற கொக்கத்தடியாலயோ?"

"விடும் கமலா, பிறகு போடுவினம்தானே," என்றார் சிற்றம்பலம் அண்ணை.

போட்டார்கள். ஆடியில் ஊருக்கே போடத் தொடங்கியபோது முதலாவது ஊசி அவர்களுக்கும் கிடைத்தது. இரண்டாவதுக்குத் திகதி வரவில்லை. அதற்குள் ஆவணி வந்துவிட்டது.

ஆவணி என்றால் எங்களுக்குச் சிறுபோக அறுவடை. சோளகக் காற்று அடித்துக்கொண்டு நிற்கும், கண் காது மூக்கெல்லாம் பதரும் தூசியும். ஊரில் அறுவடைக்கு ஓடுவது நடராசா அண்ணையின் வெட்டு மெசின். கோயில் சபையில் தலைவர், கமக்காரர் கூட்டத்தில் முன்வரிசை, அவர் சொல்லும் நாளில்தான் உங்கள் வயல் வெட்டுப்படும். ஒரு திங்கட்கிழமை காலமை, மெசின் ஏணியில் கால் வழுக்கி விழுந்து அவரின் வலது காறை எலும்பு முறிந்தது. வயலடியில் நின்ற என் ஓட்டோவில் ஏற்றினேன். வழியில் அவருடைய போன் அடித்தது. மற்றக் கையால் எடுத்துக் கதைத்தார்.

"என்ன, ரைவருக்கு மணம் குணம் தெரியேல்லையோ? மருமோனுக்கும் காய்ச்சலோ? வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. இப்ப சோதிச்சா மெசினைப் பதினாலு நாளைக்கு மறிச்சுப் போடுவாங்கள். வெட்டு முடியட்டும்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். என்னுடைய ஒன்றரை ஏக்கர் வெட்டாமல் நின்றது.

படலையடியில் வைத்தே அக்கா கேட்டா, "அண்ணை, காய்ச்சல் தடிமன் இருக்கோ? வீட்டில ஆருக்கும்?"

"சீச்சீ. எல்லாரும் கல்லு மாதிரி இருக்கினம், பிள்ளை."

மர வாங்கில் இருத்தி, சேட்டைக் கழற்றி, தோளைத் தொட்டவுடன் அவாவின் கை நின்றது.

"மேல் சுடுது, அண்ணை."

"வெயிலுக்குள்ள நிண்டனான். நோ வேற உயிர் போகுது."

அக்கா அதை நம்பினா. நம்பாமல் இருக்கவும் ஏலாது. எலும்பு முறிந்தால் அன்றைக்கே மேல் காயும், அதற்கு முறிவுக் காய்ச்சல் என்று பெயர். முப்பது வருசமாக அந்தச் சூட்டைத் தொட்டுப் பழகிய கை அது. வேறொருவர் என்றால் காய்ச்சல்காரனைக் கண்டு தள்ளி நின்றிருப்பார். அவா பரியாரி என்றபடியால்தான் கிட்டப் போனா.

"முறிவுக் காய்ச்சல்தான். இஞ்சாருங்கோ, பிடியுங்கோ," என்று மனிசனைக் கூப்பிட்டா.

நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். ரைவருக்கு மணம் தெரியவில்லை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அக்கா துரத்தியிருக்கமாட்டா, இரண்டு முகக்கவசம் போட்டிருப்பா, சிற்றம்பலம் அண்ணையை முகத்துக்கு முகம் விட்டிருக்கமாட்டா. அந்த ஒரு வசனத்தை விழுங்கிவிட்டேன்.

மூச்சு முட்டுது என்று நடராசா அண்ணை தன் முகக்கவசத்தை இழுத்து எறிந்தார். சிற்றம்பலம் அண்ணை பின்னால் முழங்காலை ஊன்றி இரண்டு தோளையும் வளைத்துப் பிடித்தார், தாடை நடராசா அண்ணையின் தோளில். "அண்ணை, இந்தமுறை ஏக்கருக்கு எத்தினை மூடை?" என்று காதுக்குள் கேட்டார். நடராசா அண்ணை முகத்தைத் திருப்பிக் கத்தினார். முன்னால் நின்று அக்கா பெருவிரல் இரண்டாலும் எலும்பைச் சேர்த்தா. பத்துப் பூசி, சுற்றி, வெள்ளை நாடா கட்டினா. பிறகு ஒரு மணித்தியாலம் வாங்கிலேயே படுக்கவிட்டு, உளுத்தங்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். வலக்கை ஏலாத மனிசன் என்று சிற்றம்பலம் அண்ணைதான் கரண்டியால் பருக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா முறிவெண்ணெய் காய்ச்சினா. எண்ணெயின் பதம் மணத்தில்தான் தெரியும். பச்சை இலை மணம் போய் வறுத்த எள்ளு மணம் வரும்போது இறக்க வேண்டும். அக்கா அகப்பையோடு அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தா. எண்ணெய் கறுத்துப் புகைந்து, பக்கத்து வளவில் நாங்கள் மூக்கைப் பொத்தும் வரைக்கும் நின்றா. சிற்றம்பலம் அண்ணை மாட்டுக்கொட்டிலில் இருந்து ஓடிவந்தார்.

"என்னப்பா கமலா, எரியுதெல்லோ!"

"எரியுதோ? எனக்கொண்டும் மணக்கேல்லையே."

இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலிக்கு மேலால் நான் அதைக் கண்டேன். அக்காதான் உடனே போனெடுத்துச் சொன்னா. ஒளிக்கத் தெரியாத சனம். சனிக்கிழமை பீ.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நிருஷன் வந்து மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தான். இரண்டு பேருக்கும் இருந்தது. பதினாலு நாள் தனிமைப்படுத்தல் என்று படலையில் நோட்டீஸ் ஒட்டினான்.

அதே சனிக்கிழமை நடராசா அண்ணைக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நான் பரியாரி வீட்டை போனது வியாழக்கிழமை. மருமோன்ர மோட்டச்சைக்கிளில போனனான். அங்கை தொத்தினது எண்டு சொல்லிப்போட்டன், அப்ப மெசினை மறிக்கமாட்டாங்கள். உன்ர ஓட்டோவின்ர கதையே இல்லை, விளங்குதோ? உன்ர வீட்டிலயும் நோட்டீஸ் ஒட்டினா உழைப்பும் போச்சு. வயலும் நிக்குது. நாளைக்கு ரைவரை மாத்தி உன்ர துண்டைத்தான் முதல் வெட்டச் சொல்லுறன்."

அரை மணித்தியாலத்தில் நிருஷன் எடுத்தான்.

"அண்ணை, பரியாரி அம்மா திங்கக்கிழமை எண்டு சொல்லுறா. நீங்கள்தான் ஏத்திக்கொண்டு வந்ததாம். அவர் வியாழன் எண்டு நிக்கிறார். எது சரி?"

"தம்பி, எத்தினை ஹயர் ஓடுறன். எனக்கு ஞாபகம் இல்லை."

அவ்வளவுதான். காய்ச்சலில் கிடக்கிற மனிசிக்கு நாள் மாறிப்போச்சு என்று ஊர் முடிவு கட்டியது. இரவு விடிய முதல் எல்லாருடைய போனிலும் 'பரியாரி வீட்டுக் கொத்தணி' என்று செய்தி ஓடியது. ஓரிடத்தில் இருந்து பலருக்குத் தொத்தினால் அது கொத்தணி. பேலியகொடையில் கொத்தணி, எங்கெங்கோ கொத்தணி என்று ரேடியோவில் கேட்ட சொல் எங்கள் ஊருக்கு வந்தது அவாவின் பெயரோடுதான். அந்தக் கிழமை கட்டுப் போட்டவர்களில் நாலு பேருக்கு வருத்தம் வந்தது. அவாவை ஆர் சபித்தது என்று கேட்காதீர்கள், எல்லாரும்தான். நிவாரணப் பொதி ஒன்றைப் படலைக்கு நூறு மீற்றர் தள்ளி மதகில் வைத்துவிட்டுப் போனார்கள், அதை நாய் இழுத்தது. றம்சீன் ஒருவன்தான், மணிக்கட்டில் மஞ்சள் நாடாவோடு, ஊரடங்குக்குள் பரந்தனில் இருந்து ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி வந்து, அரிசியும் இளநீரும் படலையில் கொழுவிவிட்டு, "அக்கா, சாமான் வச்சிருக்கு!" என்று கூப்பிட்டுவிட்டுப் போனான். பக்கத்து வளவுக்காரன் நான் வேலிப் பொட்டை இன்னொரு கிடுகு வைத்து அடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வெட்டின நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டுச் சோற்றுக்கு முன்னால் இருந்தேன். அக்காவின் போன்.

"தம்பி, இவருக்கு மூச்சு வாங்குது. கதைக்கேலாமல் இருக்கிறார். அம்புலன்சுக்கு எடுத்தனான், எல்லாம் வெளியிலயாம், சுணங்குமாம். உங்கட ஓட்டோவைக் கொண்டுவாங்கோ. பின்னால நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம், நீங்கள் மறைப்புச் சீலையைக் கட்டிக்கொண்டு ஓடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிசம்தானே தம்பி."

சுமித்திரா குசினி வாசலில் நின்று தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். வாய் என்னுடையது.

"அக்கா, ஓட்டோவின்ர பற்றறி இறங்கிப்போச்சு. காலமைதொட்டு ஸ்ராட் வருகுதில்லை."

அவாவுக்குப் பின்னால் ஒரு மூச்சு இழுபடுவது கேட்டது.

"சரி, தம்பி," என்று வைத்துவிட்டா.

அம்புலன்ஸ் வர நாலரையானது. வந்த பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுகள் விடியத் தொடங்கி ஓடுகிறதுகள். சிற்றம்பலம் அண்ணை படலைக் கட்டையைப் பிடித்து நின்று நின்று, தானாகவே நடந்துபோய் ஏறினார். அக்காவை ஏற்றவில்லை. வாகனம் திரும்பி எங்கள் வேப்பமரத்தைக் கடந்துதான் போனது. வேப்பமரத்தடியில் என் ஓட்டோ நின்றது. மற்றநாள் காலமை நடராசா அண்ணையின் மெசினுக்கு டீசல் எடுக்க அந்த ஓட்டோவை நான் ஸ்ராட் பண்ணினேன். ஒரே அடியில் பிடித்தது. அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சிற்றம்பலம் அண்ணை செத்துப்போனார். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது. அது தெரியாமல்தான் நான் இனி இருக்க வேண்டும். பெட்டியை மூடி வேறு இடத்தில் எரித்தார்கள். முப்பது வருசம் தன் கைக்கு முன்னால் நின்ற கைகளை அவா ஒருதரம் தொட்டும் பார்க்கவில்லை. போனில் படம் வந்தது, பெட்டியின் படம். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து வந்த குரலை நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம்.

நோட்டீஸ் எடுத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலமையே படலையில் சனம். எங்கள் ஊருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அன்றைக்குச் செத்திருக்கும். மூன்று கிழமையாக மாற்றாத கட்டுகளோடு, நாடாக்கள் ஊத்தையாகித் தொங்க, ஆறேழு பேர் வேலியோரம் நின்றார்கள். ஒருவருக்குத் தோல் அவிந்து மணத்தது, இன்னொருவருக்கு விரல் வீங்கியிருந்தது. ஆரும் தாங்களாக அவிழ்க்கவில்லை, பயம். றம்சீனும் நின்றான். புதிதாக ஞானேஸ்வரி ஆச்சி, கிணற்றடியில் விழுந்து முன்கை முறிந்தது, கையைச் சீலைத் தலைப்பால் கழுத்தில் தூக்கிக் கட்டியபடி இருந்தா. நானும் போய் நின்றேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை. நிருஷனும் கடைசிக் கையெழுத்துக்கு வந்திருந்தான்.

அக்கா வெளியே வந்தா. பாதி ஆளாகிவிட்டா. நாலு எட்டு நடந்து நின்று மூச்சு எடுத்தா. பழைய கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தா, வெந்நீரால் துடைத்தா, எண்ணெய் பூசினா. கைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் நடராசா அண்ணை வந்தார். கண்காணிப்பு நிலையத்தில் பத்து நாள் இருந்து வந்தவர். அங்கே நேர்ஸ் பிள்ளை கட்டை வெட்டிப் பார்க்கட்டோ என்று கேட்டதற்குச் சம்மதிக்கவில்லையாம். தோளில் பெரிய சால்வை போர்த்திருந்தார். வலக்கை நெஞ்சோடு ஒட்டிக் குறண்டியிருந்தது.

"பிள்ளை, சிற்றம்பலத்தின்ர விசயம் கேட்டுச் சரியான கவலை. ஆண்டவன்ர கணக்கு. இதை ஒருக்கா அவிட்டுவிடு, கை உயர்த்தேலாமல் கிடக்கு."

"இருங்கோ அண்ணை. சால்வையை எடுங்கோ."

"இதுக்குள்ளாலயே பாக்கலாம்தானே?"

"எடுங்கோ."

எடுத்தார். முடிச்சில் நாடா ஊத்தை பிடித்து, வியர்வையில் ஊறிக் கிடந்தது. ஆனாலும் வெள்ளை வெள்ளைதான். அதை வெட்டி எறிய அந்த மனிசனுக்குத் தைரியம் வரவில்லை. முடிச்சில் கை வைத்தால் எலும்பு பிரிந்துவிடும் என்று பயந்தவர், அந்த முடிச்சிலேயே தன் பொய்யைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அக்கா அவிழ்க்கவில்லை. நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"இது என்ன நிறம், அண்ணை?"

வேலியோரம் ஒரு சின்னப் பிள்ளை தாயின் காதுக்குள், "வெள்ளையெண்டா திங்கள்," என்றது. எல்லாருக்கும் கேட்டது.

"வியாழக்கிழமை நான்தான் வந்தனான்," என்றான் றம்சீன், தன் மஞ்சள் நாடாவைத் தூக்கிப் பிடித்து. "அண்டைக்குக் காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் இஞ்சைதான் இருந்தனான். வேற ஆரும் வரேல்லை."

"தம்பி நிருஷன், வந்து பாரும்," என்றா அக்கா. "எனக்குக் காய்ச்சலில நாள் மாறிப்போச்சு எண்டு எழுதினீரெல்லோ? இந்தத் துணிக்குக் காய்ச்சல் இல்லை. இதைப் பாத்து எழுதும்."

நிருஷன் குனிந்து பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது. நடராசா அண்ணை கத்தத் தொடங்கினார்.

"துணித்துண்டை வச்சு ஆக்களைப் பிடிக்கிறியளோ? நாடா தீந்து மாறிக் கட்டியிருப்பாய்! ஆர் கண்டது நான் திங்கக்கிழமை வந்ததை?"

அக்கா திரும்பினா. அத்தனை பேருக்குள்ளும் நேராக என்னைப் பார்த்தா.

"தம்பி, எந்த நாள்?"

இருபத்திரண்டு நாளைக்கு முந்திச் சொல்லியிருக்க வேண்டியது.

"திங்கக்கிழமை, அக்கா. நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான். ரைவருக்கு மணம் தெரியேல்லை எண்டு ஓட்டோவுக்குள்ள வச்சுக் கதைச்சவர். நான் கேட்டனான்."

ஊர் நடராசா அண்ணையைப் பார்த்து உறுமியது. நேற்று வரைக்கும் பரியாரி வீட்டுக் கொத்தணி என்று வாய் கிழியக் கதைத்த அதே வாய்கள். எனக்கு அவர்களைக் கண்டாலும் பற்றி எரிந்தது, என்னைக் கண்டாலும் பற்றி எரிந்தது. அக்கா கையை உயர்த்தினா, எல்லாரும் அடங்கினார்கள்.

முடிச்சை அவிழ்த்தா. சுற்றுச் சுற்றாகத் துணியை எடுத்து, காய்ந்த பத்தை நனைத்து உரித்து, பெருவிரலால் காறை எலும்பைத் தடவினா.

"கோணலாப் பொருந்தியிருக்கு. ஆறாம் நாள் மாத்தாத வினை. இதைப் பிரிச்சுத் திரும்பப் பொருத்தினாத்தான் கை உயரும்."

"பொருத்து பிள்ளை. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

"ஒராள் பிடிக்கோணும் அண்ணை, ஒராள் இழுக்கோணும். பிடிக்கிற ஆளைத்தான் நீங்கள் கொன்றுபோட்டியளே." குரல் உயரவில்லை. "கஞ்சி பருக்கின கையெல்லோ அது? உங்களுக்கு வாய் வரேல்லையோ? 'சிற்றம்பலம், தள்ளி இரு, எங்கட வீட்டில வருத்தம் நிக்குது' எண்டு? நான் அப்பவும் கட்டித்தான் இருப்பன். உங்களை நான் எப்ப திருப்பி அனுப்பினனான்? கட்டின கை அவிழ்க்கோணும், அவிட்டுப்போட்டன். எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

வெள்ளை நாடாவைச் சுருட்டி நிருஷனின் கோப்புக்குள் வைத்தா. நடராசா அண்ணை குறண்டின கையோடு, சால்வையைப் போர்க்கவும் ஏலாமல், படலையைத் தாண்டிப் போனார். ஆரும் அவருக்கு உதவி செய்யவில்லை. அதுவும் ஒரு கேவலம்தான்.

அக்கா வாங்கில் இருந்து கொஞ்ச நேரம் மூச்செடுத்தா. பிறகு ஞானேஸ்வரி ஆச்சியை முன்னால் இருத்தினா. ஆச்சியின் முன்கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்து போயிருந்தது. இழுத்துப் பொருத்த வேண்டும். அக்கா பழக்கத்தில் பின்னால் கையை நீட்டி, "இஞ்சாருங்..." என்று தொடங்கி நிறுத்தினா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"தம்பி."

"ஓம், அக்கா."

"பற்றறி சரிவந்திட்டுதோ?"

அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டா. எனக்குத் தலை நிமிரவில்லை.

"அக்கா, என்னை..."

"ஒண்டும் சொல்லவேண்டாம். ஆச்சிக்கு நோகுது. வந்து பிடியும்."

போனேன். ஆச்சியின் பின்னால், சிற்றம்பலம் அண்ணை முழங்கால் ஊன்றும் இடத்தில், தரை குழி விழுந்து கிடந்தது. அதில் முழங்காலை வைத்து, ஆச்சியின் மேற்கையை அணைத்துப் பிடித்தேன். கதை குடுக்க வேண்டும் என்று தெரியும். ஒரு கதையும் வாயில் வரவில்லை. அக்கா மணிக்கட்டைப் பற்றி, இழுக்கப் போய், நின்றா. நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தா. மறுபடி பற்றினா. மறுபடி நிமிர்ந்து பார்த்தா.

"இறுக்கிப் பிடிச்சிருக்கிறன், அக்கா."

"அவர் பிடிச்சா நான் பாக்கிறேல்லை," என்றா அக்கா. "உம்மைப் பாத்துப் பாத்துத்தான் இழுக்கோணும்."